சாற்றுகவியும் சாரதியும்

நூலொன்றின் முகப்பிலே பெரியார் ஒருவரின் பெயரைக் கண்டதும் அந்நூலை நம்பிக் கையில் எடுத்தல் மக்கள் இயல்பு. தமிழ் மரபு இவ்வியல்பை நன்குணர்ந்து, அதற்கொரு வரம்பும் கட்டியது. எத்துணைப் பெருங்கல்வி உடையவனாயினும் நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்கிய நன்னூலார், அவனுக்குச் சிறப்புப் பாயிரம் கூறும் உரிமையை நால்வருக்கு வகுத்துக் கொடுத்தார். அவனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனிடம் கற்ற மாணாக்கன், அந்நூலுக்கு உரைகாணத் தகுந்தவன் ஆகியோரே அந்நால்வர். இவர் யாவரும் நூலையோ நூலாசிரியனையோ அணுகி அறிந்தவர் என்பது நோக்கத்தக்கது. அறியாதவன் கூறும் புகழ், அவன் எத்துணைப் புகழுடையவனாயினும், பாயிரம் ஆகாது என்பதே இவ்வரையறையின் உட்கிடை. அச்சுப்பொறி வந்தபின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மரபு சாற்றுகவி என்னும் வடிவில் தழைத்தது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சேறிய நூல்கள் பல, புலவர்தம் சாற்றுகவிகளை முன்னே தாங்கியே வெளிவந்தன.

முகப்பிலே பிறர் பெயரைப் பொறித்தல் புத்தளக் கரைக்கும் புதியதன்று. கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்து, பிற்காலத்திற் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக விளங்கிய சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'தமிழ் புளூட்டாக்' என்பதாகும். புளூட்டாக் என்பார், உரோமப் பேரரசுக் காலத்தில் வாழ்ந்து, பெருமக்கள் வரலாறுகளை எழுதிய கிரேக்க ஆசிரியர். பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரிடம் இசைவு பெறுதல் இயலாது. ஆயினும், நூல் எத்தகையது என்பதை ஆங்கிலம் அறிந்தார்க்கு அந்த இரவற் பெயர் ஒரு சொல்லால் உணர்த்திவிட்டது. பெயர் ஈண்டு பொய்ச்சான்று ஆகவில்லை. நூலின் இனத்தைச் சுட்டும் அடையாளமாகவே நின்றது.

முகப்பில் நிற்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாது என்னும் இப்பழைய வினா, இருபதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலே எவரும் எதிர்பாராத இடத்தில் மீண்டும் எழுந்தது. உள்ளங்கைகள் இரண்டிலும் ஏந்தி ஆடத்தக்க கையடக்க வீடியோ விளையாட்டுப் பொறியே அவ்விடம். அப்பொறிக்கென வந்த கார்ப்பந்தய ஆட்டங்களின் பெட்டிகளிலே புகழ்பெற்ற பந்தயச் சாரதிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுட் சிறப்பாக 1992இல் ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட 'அயர்ட்டன் ஸெனாவின் சூப்பர் மொனாக்கோ ஜீபீ 2' என்னும் ஆட்டத்தின் வரலாறு ஈண்டு ஆராயப்படும். சிறுவர் விளையாட்டுக்கு வரலாறு எதற்கு என ஐயுறுவார் இருக்கலாம். பெயரைக் கொடுத்தல் எப்பொழுது அறமாகும், எப்பொழுது வெறும் வாணிகமாகும் என்னும் கேள்விக்கு இச்சிறு பொருளின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

கையடக்கப் பொறியின் தோற்றம்

மின்னணுக் கணிப்பான் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1970களிலே, கூட்டவும் பெருக்கவும் பயன்பட்ட அச்சிறு பொறியை ஏன் விளையாடவும் பயன்படுத்தலாகாது என்னும் எண்ணம் எழுந்தது. அமெரிக்காவின் மாட்டெல் பொம்மை நிறுவனம் 1976இல் 'ஓட்டோ றேஸ்' என்னும் பொறியை வெளியிட்டது. முற்றிலும் மின்னணுவால் இயங்கிய கையடக்க விளையாட்டுக்களுள் முதலாவதாக இதனைக் கருதுவர். முதலாவது ஆட்டமே கார்ப்பந்தயமாக அமைந்தமை கருதத்தக்கது. அதன் திரையிலே காரும் இல்லை, வீதியும் இல்லை. சிவந்த ஒளிக்கோடுகள் சில மின்னி மறையும். அவற்றையே கார்கள் எனக் கொள்ளல் வேண்டும். ஆட்டத்தின் கட்டளைகள் அனைத்தும் 512 பைட் அளவுள்ள நினைவகத்துள் அடங்கின. கடுதாசியில் எழுதினால் ஒரு சிறு பந்தியளவு எழுத்துக்குள் ஒரு பந்தயம் முழுவதும் அடங்கியது எனலாம்.

பின்னர் 1980இல் ஜப்பானின் நின்ரெண்டோ நிறுவனம், குன்பெய் யொக்கோய் என்னும் பொறியியலாளரின் முயற்சியால், திரவப் படிகத் திரையுடைய சிறு விளையாட்டுப் பொறிகளை வெளியிட்டது. புகைவண்டியிற் பயணஞ் செய்த ஒருவர் பொழுதுபோகாமற் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டதே அவருக்கு அவ்வெண்ணத்தை அளித்தது என்பர். அதே நிறுவனம் 1989இல் 'கேம் போய்' பொறியை வெளியிட்டது. ஒரே பொறியில் ஆட்டப் பேழையை மாற்றி மாற்றிப் பல ஆட்டங்களை ஆடும் வசதி இதனாற் பரவலாயிற்று. சேகா நிறுவனம் அடுத்த ஆண்டே 'கேம் கியர்' என்னும் போட்டிப் பொறியைக் கொணர்ந்தது.

இவ்விரு பொறிகளின் திரையும் அகலத்தில் 160, உயரத்தில் 144 என்னும் அளவிலான புள்ளிகளால் ஆயது. ஆக 23,040 புள்ளிகள். முன்னதன் திரை நான்கு சாயல்களை மட்டுமே காட்டியது. பின்னதன் திரை உள்ளிருந்து ஒளிவீசி, 32 வண்ணங்களை ஒருங்கே காட்டியது. அவ்வொளிக்கு விலையும் இருந்தது. கேம் போய் நான்கு பென்ரோச் பற்றரிகளைக் கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேலும் இயங்க, கேம் கியர் ஆறு பற்றரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்துள் உண்டு முடித்தது. மின்னிணைப்பு எட்டாத வீடுகள் பல இருந்த அக்காலத்துக் கரையோரக் கிராமங்களிலே, பற்றரி என்பது வானொலிக்கும் கைவிளக்குக்கும் உரிய பொருள். ஒரு மாலைப்பொழுதின் விளையாட்டுக்கு ஆறு பற்றரிகள் என்பது அங்கு எண்ணிப் பார்த்தற்கும் அரிய செலவாகும்.

நிற்கும் காரும் ஓடும் வீதியும்

இத்துணைச் சிறிய திரையிலே மணிக்கு 300 கிலோமீற்றர் வேகம் எங்ஙனம் தோன்றியது என்பது அறியத்தக்கது. இவ்வாட்டங்களிற் கார் பெரும்பாலும் ஓடுவதில்லை. அது திரையின் அடிப்பகுதியில் நின்ற இடத்திலேயே நிற்கும். வீதியே அதனை நோக்கி ஓடிவரும். வீதியின் இருமருங்கும் வெண்மையும் செம்மையும் மாறிமாறி வரும் பட்டைகள் கீழ்நோக்கி நகர, கார் முன்னே விரைவதாகக் கண் மயங்கும். புகைவண்டியில் இருப்பவனுக்கு மரங்கள் பின்னோடுவதாகத் தோன்றும் காட்சியை மறுதலையாக வைத்த உத்தியே இது. வளைவு வருமிடத்துத் திரையின் படுக்கைக் கோடுகளைத் தனித்தனியே சற்றுச் சற்றாக ஒருபுறம் தள்ளினால், நேரான வீதி வளைந்ததாகக் காணப்படும்.

ஆகவே, ஆடுபவன் காண்பது வேகத்தின் தோற்றம் மட்டுமே. உடலை இருக்கையோடு அழுத்தும் விசையோ, ரயர் வழுக்கும் அச்சமோ, எரிபொருளின் மணமோ அங்கு இல்லை. உண்மைக்கும் தோற்றத்துக்கும் இடையே இத்துணைப் பெரிய இடைவெளி இருந்தமையாலேயே, உண்மையை அறிந்த ஒருவரின் சான்று வேண்டப்பட்டது. 'மெய்யான பந்தயம் இவ்வாறே இருக்கும்' என உறுதிகூற, மெய்யான பந்தயத்தில் ஓடிய சாரதியைக் காட்டினும் தகுதியுடையார் வேறு யாவர்? வாணிக நிறுவனங்கள் சாரதிகளின் பெயரை நாடியதன் காரணம் இதுவே.

மறைக்கப்பட்ட பெயர்

சேகா நிறுவனம் 1989இல் 'சூப்பர் மொனாக்கோ ஜீபீ' என்னும் பந்தய ஆட்டத்தை முதலில் விளையாட்டுக் கூடங்களுக்கென வெளியிட்டு, அடுத்த ஆண்டு தனது 'மெகா டிரைவ்' என்னும் வீட்டுப் பொறிக்கும் அதனை ஆக்கியது. அவ்வீட்டு ஆட்டத்திற் சாரதிகளின் மெய்ப்பெயர்கள் இல்லை. வெல்லுதற்கரிய எதிரியாகப் பின்பகுதியில் தோன்றும் சாரதிக்கு 'ஜீ. ஸியாரா' என்று பெயர். ஸியாரா என்பது பிரேசில் நாட்டின் ஒரு மாநிலத்தின் பெயர். அக்காலத்துக் கார்ப்பந்தயத்தை அறிந்தோர் எவரும் அப்பெயரின் பின்னே நின்ற மனிதர் யார் என்பதை உய்த்துணர்ந்திருப்பர். பிரேசில் நாட்டவரான அயர்ட்டன் ஸெனாவே அவர்.

ஸெனா 1960ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் சாவோ பாவுலோ நகரிற் பிறந்தவர். போர்முலா 1 உலகப் பட்டத்தை 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றவர். நகர வீதிகளிலே நடைபெறுவதும், மிக ஒடுங்கியதுமான மொனாக்கோப் பந்தயத்தை 1987இல் ஒருமுறையும், 1989 முதல் 1993 வரை தொடர்ந்து ஐந்து முறையும் வென்று, ஆறு வெற்றிகளை நிலைநாட்டியவர். ஆதலின் மொனாக்கோவின் பெயர்தாங்கிய ஆட்டத்தில் அவர் நிழல் விழாதிருத்தல் அரிது. பெயரைக் கேளாமலும் கொடாமலும், ஆனால் அதன் புகழை மட்டும் பயன்கொள்ளும் இம்முறை, முகப்பில் நின்ற பெயர்களின் வரலாற்றிலே முதற்படி எனலாம்.

மாற்றப்பட்ட பெயர்

இரண்டாம் படி இதனினும் விந்தையானது. போர்முலா 1 பந்தயத்தில் முழுப்பருவமும் ஓடிய முதல் ஜப்பானியர் சத்தோரு நாகஜிமா. இவர் 1987இல் லோட்டஸ் அணியில் ஸெனாவின் துணைச்சாரதியாக விளங்கினார். அடுத்த ஆண்டு ஜப்பானில், நின்ரெண்டோவின் வீட்டுப் பொறிக்கென இவர் பெயரிலே ஒரு பந்தய ஆட்டம் வெளிவந்தது. அவ்வாட்டத்தை 1990இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றபோது, நாகஜிமாவின் பெயர் அங்கு விலைபோகாது என விற்போர் கருதினர் போலும். பெட்டியிலிருந்து அப்பெயர் நீங்கியது. அமெரிக்கச் சாரதியான மைக்கல் அன்ட்ரெட்டியின் பெயர் அவ்விடத்தில் ஏறியது.

ஆட்டம் ஒன்று, சான்று கூறுவோர் இருவர். ஓர் ஊரில் ஒருவரின் அறிவால் விளைந்ததாகக் காட்டப்பட்ட பொருள், கடல் கடந்தவுடன் மற்றொருவரின் அறிவால் விளைந்ததாகத் தோன்றியது. ஒரே நூலுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு புலவரையும் சென்னையில் வேறொரு புலவரையும் ஆசிரியராகக் காட்டி விற்பதை இதனோடு ஒப்பிடலாம். அன்ட்ரெட்டி திறமையற்றவர் அல்லர். அமெரிக்காவின் பெருந்தொடரில் 1991இற் பட்டம் வென்றவர். நாகஜிமாவும் அங்ஙனமே மதிக்கத்தக்கவர். குறை சாரதிகளிடத்தில் இல்லை. பெயர் பொருளோடு ஒட்டாமல், ஒட்டுத்தாள் போலக் கழற்றி மாற்றத்தக்கதாக அமைந்தமையே குறை. கழற்றத்தக்க பெயர் சான்றாகாது.

உழைப்போடு வந்த பெயர்

இப்பின்னணியிலேதான் 1992ஆம் ஆண்டின் ஆட்டத்தை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டில் சேகா நிறுவனம் தனது பழைய ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தை ஸெனாவின் முழுப்பெயரோடு வெளியிட்டது. மெகா டிரைவ் பொறிக்கும், அதனினும் சிறிய மாஸ்டர் சிஸ்டம் பொறிக்கும், கையடக்கமான கேம் கியர் பொறிக்கும் அது வெளிவந்தது. ஜப்பானிய நிறுவனமொன்று பிரேசில் நாட்டவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஸெனாவின் மூன்று பட்டங்களும் ஜப்பானின் ஹொண்டா எந்திரம் பூட்டிய காரிலேயே கிடைத்தன. அம்மூன்றும் உறுதியான இடமும் ஜப்பானின் சுசூகாத் தடமே. ஆதலின் ஜப்பானிய மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டாடினர்.

ஈண்டு முகப்பில் நின்ற பெயர் உள்ளேயும் உழைத்தது. மெகா டிரைவ் ஆட்டத்திலே, 1991ஆம் ஆண்டின் உலகத் தொடரைத் தழுவி அமைந்த பதினாறு தடங்களுக்கும், எந்த வளைவை எங்ஙனம் அணுகுதல் வேண்டும் என்னும் அறிவுரைகளை ஸெனா வழங்கினார். அன்றியும் அவர் பெயரால் அமைந்த தனிப்பகுதி ஒன்றில் மூன்று தடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, பிரேசிலில் தாத்துயி என்னுமிடத்துள்ள தமது பண்ணையில் அவர் அமைத்திருந்த சிறு கார்த்தடத்தைத் தழுவியது. ஓய்வுக்காலத்திலே தமக்கென அவர் ஓடிப் பழகிய அத்தடத்தை, அவரை ஒருநாளும் காணாத சிறுவர்க்கும் திறந்துவிட்டார் எனலாம்.

ஒரு முரண்பாடும் கூறத்தக்கது. அவ்வாட்டத்தின் சாரதிகளுள் ஸெனா ஒருவரே மெய்ப்பெயருடையவர். ஏனையோர் யாவரும் கற்பனைப் பெயரினர். ஈராண்டுகளுக்கு முன் மாற்றுப்பெயரில் மறைந்து நின்றவர், இப்பொழுது மறைந்த பெயர்களின் நடுவே தனித்து வெளிப்பட்டு நின்றார். ஆயினும் அவ்வாண்டின் மெய்யான உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் நைஜல் மான்செல் அதனை வென்றார். மான்செலின் பெயராலும் பந்தய ஆட்டமொன்று அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அவரிடம் பயிலுதல் என்னும் பாடப்பகுதி அதில் அமைந்திருந்தது. அவ்வாண்டின் மொனாக்கோவிலே தொடர்ந்து ஐந்து பந்தயங்களை வென்று வந்த மான்செலை இறுதிச் சுற்றுக்களில் முந்தவிடாது தடுத்து ஸெனா வென்றார். ஒருவர் ஆண்டின் பட்டத்தையும் மற்றவர் மொனாக்கோவையும் பெற, இருவர் பெயரும் கடைகளின் அலுமாரிகளில் அருகருகே நின்றன.

இனி நன்னூலார் வகுத்த நால்வருள் ஸெனா எவ்வகையினர் என வினவலாம். அவர் ஆட்டத்தை ஆக்கியோரின் ஆசிரியரல்லர், உடன் கற்றவருமல்லர், மாணாக்கருமல்லர். ஆயின், உரைகாரனுக்குரிய தகுதி அவரிடம் இருந்தது. மூலத்தை அறிந்து, அதன் அரிய இடங்களைக் கற்பார்க்கு விளக்குபவனே உரைகாரன். தடம் என்னும் மூலத்துக்கு அவர் எழுதிய அறிவுரைகள் உரையாகவே அமைந்தன. கையடக்கப் பொறியின் சிறு திரையில் அப்பெயர் நின்றபோது, அதன் பின்னே இவ்வுழைப்பு இருந்தது.

டொனிங்டன்

மறு ஆண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வரலாற்றில் இடம்பெறத்தக்கது. சேகா நிறுவனத்தின் ஆதரவில், 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள், இங்கிலாந்தின் டொனிங்டன் தடத்தில் ஐரோப்பியப் பெரும்பந்தயம் நடைபெற்றது. போருக்கு முன்பே பந்தயம் நடந்த அத்தடம், இரண்டாம் உலகப் போரிலே படை வாகனங்களின் கிடங்காக மாறியது; 1977இலேயே அங்கு மீண்டும் கார்கள் ஓடின. போர்க்காலத் தளங்களுக்கும் பந்தயத் தடங்களுக்கும் இத்தகைய தொடர்பு பல இடங்களில் உண்டு. உலகப் பட்டத்துக்கான முதற் பந்தயம் 1950இல் நடைபெற்ற சில்வர்ஸ்டன், குண்டுவீச்சு விமானத்தளமாக இருந்தது. இலங்கையிலே களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தை, பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்து பிற்காலத்திற் பந்தயங்களுக்குக் களமாயிற்று. அதே கடற்படை புத்தளத்திலும் ஒரு விமானத்தளம் அமைத்தது. சேற்றிலே புதைந்த போர்விமானங்களை யானை கட்டியிழுத்த காட்சியால் அது படங்களில் இடம்பெற்றது.

டொனிங்டனில் அன்று மழை. நான்காம் இடத்திலிருந்து புறப்பட்ட ஸெனா, தொடக்கத்தில் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டும், முதற் சுற்று முடியுமுன்னரே முன்சென்ற அனைவரையும் கடந்து முதலிடம் பெற்றார். அச்சுற்றைக் கார்ப்பந்தய வரலாற்றின் மிகச் சிறந்த முதற் சுற்றென இன்றும் போற்றுவோர் பலர். சேகா நிறுவனம் அவ்வாண்டில் பொருளுதவி செய்தது வில்லியம்ஸ் அணிக்கு. ஸெனாவோ அதன் எதிரணியான மக்லாரனில் இருந்தார். வென்றவர் என்ற முறையில், அந்நிறுவனத்தின் கேலிச்சித்திர நாயகனான நீலநிற முள்ளெலியின் உருவம் அமைந்த கிண்ணம் அவர் கைக்கே சென்றது. அவ்வாண்டில் மக்லாரன் அணியில் அவருக்குத் துணைச்சாரதியாக இருந்தவர் மைக்கல் அன்ட்ரெட்டி. ஓர் ஆட்டத்தின் பெட்டியில் இடம் மாறிய இரு பெயர்களுக்கும் உரியவர்கள், ஆறாண்டு இடைவெளியில் ஒருவரே ஆகிய ஸெனாவின் துணைவர்களாக அமைந்தமை வியப்புக்குரியது.

இமோலாவும் அதன் பின்னரும்

திரையிலே விபத்து நேர்ந்தால் ஆட்டம் மீண்டும் தொடங்கும். மெய்யான தடத்துக்கு அச்சலுகை இல்லை. 1994ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள், இத்தாலியின் இமோலாத் தடத்தில், ஏழாம் சுற்றிலே ஸெனாவின் கார் தம்புரெல்லோ என்னும் வளைவில் தடம் விலகிச் சுவரில் மோதியது. அன்றே அவர் உயிர் நீத்தார். அகவை 34. முதல்நாள் தகுதிகாண் ஓட்டத்தில் ஒஸ்திரிய நாட்டுச் சாரதி ரோலன்ட் ராட்சன்பெர்கரும் அதே தடத்தில் விபத்துற்று உயிரிழந்திருந்தார். இவ்விரு மரணங்களின் பின்னர், தடங்களின் அமைப்பும் கார்களின் பாதுகாப்பும் பெரிதும் திருத்தப்பட்டன. வென்னப்புவை, மாரவில முதலிய ஊர்களிலிருந்து பலர் தொழில்தேடிச் சென்று வாழும் நாடு இத்தாலி. ஆதலின் அந்நாட்டுப் பெயர் புத்தள மாவட்டக் கரைக்கு அயலானதன்று.

உரியவர் மறைந்தபின் பெயருக்கு என்ன நேரும் என்பதே இவ்வரலாற்றின் இறுதி வினா. கேம் கியரின் சிறு திரையில் அவர் பெயர் முன்போலவே ஒளிர்ந்தது. மெகா டிரைவ் ஆட்டத்தின் அறிவுரைகள் முன்போலவே தோன்றின. மறைந்த ஆசிரியரின் கையெழுத்து மாணாக்கனின் பழைய கொப்பியில் நிலைத்திருத்தல் போல்வது இது. பெயரைத் தொடர்ந்து விற்று வாழும் வழி அவர் குடும்பத்தாருக்குத் திறந்தேயிருந்தது. ஆனால் அவர் தமக்கை விவியானே ஸெனா, அதே ஆண்டு நவம்பரில் தம்பியின் பெயரால் ஒரு நிறுவகத்தைத் தொடங்கினார். பிரேசில் நாட்டுச் சிறுவரின் கல்வியே அதன் நோக்கம். ஸெனாவின் பெயரையும் உருவையும் பயன்படுத்தும் பொருள்களிலிருந்து குடும்பத்துக்கு வரும் உரிமைப்பணம் அக்கல்விப் பணிக்கே வழங்கப்படுகின்றது. முன்னர் ஒரு விளையாட்டுப் பெட்டிக்குக் கொடுத்த பெயர், பின்னர்ப் பள்ளிக்கூடத்துக்கு எண்ணெயாயிற்று.

பெயரில்லாத கார்

புத்தளம் முதல் உடப்பு, சிலாபம் வரையிலான கரையோரத்தில் அக்காலத்தே வளர்ந்த சிறுவருள் மிகப் பெரும்பாலோர் கேம் கியரைக் கண்டிரார். 1990களிலே இலங்கையிலும் இந்தியாவிலும் கடைதோறும் பரவியது வேறொரு பொறி. சீனாவில் ஆக்கப்பட்டு, 'பிரிக் கேம்' எனப் பெயர்பெற்று, 9999 ஆட்டங்கள் அடங்கியது என்று முகப்பில் எழுதப்பட்டிருந்த அச்சிறு பொறியே அது. அதன் திரை, அகலத்திற் பத்தும் உயரத்தில் இருபதுமாக, 200 கட்டங்களால் ஆயது. இரண்டு பற்றரிகள் போதும். அதிலும் ஒரு கார்ப்பந்தயம் உண்டு. கரிய கட்டங்கள் சில சேர்ந்தது கார். எதிர்ப்படும் கட்டக்கூட்டங்களை இடமும் வலமும் விலகித் தப்புதல் ஆட்டம். மாட்டெல் நிறுவனத்தின் சிவந்த கோடுகளிலிருந்து அது வெகுதொலைவு சென்றுவிடவில்லை.

அப்பெட்டியில் எச்சாரதியின் பெயரும் இல்லை. ஆக்கியோன் பெயரும் இல்லை. 9999 என்னும் எண்ணோ மெய்யானதன்று. ஒரே ஆட்டத்தை வேகம் மாற்றியும் நிலை மாற்றியும் எண்ணிய எண்ணிக்கை அது. பாயிரம் இல்லாத நூல், தன்னைத் தானே புகழ்ந்துகொண்டு வந்தது எனலாம். தற்புகழ்ச்சியை நன்னூலார் விலக்கியதன் காரணம் இங்கே வெளிப்படை. ஆயினும் அதனை ஆடிய சிறுவனுக்கு அக்கட்டங்களே கார். அவனுக்கு வளைவின் நுட்பத்தைச் சொல்லுவார் மட்டும் ஒருவரும் இல்லை.

தமிழ்நாட்டின் பெயரும் பிற்காலத்தில் இத்துறையிற் சேர்ந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியிற் சேர்ந்து, போர்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பெரும்பந்தயத்தில் ரயர்க் குறைபாட்டால் ஏழு அணிகள் விலக, ஆறு கார்களே ஓடின; அதில் நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகளை ஈட்டினார். உலகத் தொடரின் அதிகாரபூர்வமான 2012ஆம் ஆண்டு வீடியோ ஆட்டத்தில் அவர் பெயரும் சாரதிகளின் நிரலிலே இடம்பெற்றது. மறைப்பெயரோ மாற்றுப்பெயரோ இன்றி, தமிழ்ப்பெயர் ஒன்று அதற்குரியவரின் காரோடு திரையில் ஓடியது. அவர் முகப்பில் நின்று சான்று கூறியவரல்லர். ஓடியவர் என்னும் உண்மையால் உள்ளே பதியப்பட்டவர். அதுவும் மதிப்புக்குரியதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், முகப்பில் நிற்கும் பெயர் நால்வகைப்படும் என்பது பெறப்படும். ஸியாரா என மறைத்து எடுத்த பெயர் ஒன்று. நாகஜிமா, அன்ட்ரெட்டி என இடத்துக்கு ஏற்ப மாற்றி ஒட்டிய பெயர் மற்றொன்று. தடத்தையும் அறிவுரையையும் உடன்கொடுத்த ஸெனாவின் பெயர் மூன்றாவது. மறைவின் பின் கல்விக்கு உரிமையாகிய அதே பெயர் நான்காவது. முன்னைய இரண்டிலும் பெயர் பொருளினின்றும் வேறாய் நின்றது. பின்னைய இரண்டிலும் பெயருக்கு உரியவர் தம்மிடமிருந்த ஒன்றைப் பெயரோடு சேர்த்துக் கொடுத்தார். இவ்வேறுபாட்டை அறிதற்கு உதவும் அளவுகோல் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டியதில்லை. பவணந்தி முனிவர் அதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்துவைத்தார்.

அந்நால்வருள் முதலாமவன் ஆசிரியன் என்பதைக் கல்லூரிச் சமூகம் மறத்தலாகாது. கல்வி முடித்துச் செல்லும் மாணாக்கன் ஒவ்வொருவனும் நற்சான்றுப் பத்திரம் வேண்டி ஆசிரியன் முன் நிற்கின்றான். தொழிலும் மேற்கல்வியும் நாடிச் செல்லும் அவனுக்கு அவ்வொரு தாளே பாயிரம். மாணாக்கனின் பெயரை மட்டும் மாற்றி, ஒரே வாசகத்தை அனைவர்க்கும் எழுதிக் கொடுத்தல் எளிது. அது பெட்டியில் பெயர் மாற்றி ஒட்டிய வாணிகத்துக்கு இணையானதாகும். மாணாக்கனின் ஆற்றலையும் குறையையும் அறிந்து, அவன் இனி எதிர்ப்படும் வளைவுகள் யாவை என எண்ணி எழுதுதல் அரிது. பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஊரார் இத்தகைய சான்றை வேண்டி வருகின்றனர். கையொப்பம் இடுவதற்குமுன், அப்பெயரோடு தாம் வேறு எதனைக் கொடுக்கின்றார் என ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.